அண்ணியின் மூக்கும் ஏசி அறைச் சீஸும்

அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு நாலடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, மல்லிகா அண்ணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாடை மாடிக்கே வந்துவிட்டது. கையிலிருந்த ஈரப் புடவையைக் கொடியில் அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தேன். பால் பொங்கி வழிந்து, வற்றி, அடி கறுத்துப் போயிருந்தது. புகை ஜன்னல் வழியாக நிதானமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அண்ணி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கொப்பரையில் பாலைக் கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே பூண்டு உரித்தார். ஒரு பல், இன்னொரு பல். அவசரமே இல்லை.

நான் அடுப்பை அணைத்தேன். என் நிழல் விழுந்ததும்தான் திரும்பினார். முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பாத்திரத்தை. அப்புறம் காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு, "சளி புடிச்சிகினு கீது. மூக்கு அடைச்சிருச்சி" என்றார்.

தீ போல வெயில் அடிக்கிற சித்திரை மாதம். அவர் குரலில் சளியின் அடையாளமே இல்லை. ஆனால் அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்திராத ஒன்று இருந்தது. மல்லிகா அண்ணிக்குப் பயம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இந்தத் தொடரை முதல்முறையாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மல்லிகா அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருபது வயதில் சொன்னவர், இன்றுவரை அதே பதிலில் நிற்கிறார். திருநின்றவூர் ஏரிக்கு இந்தப் பக்கம், பதினொரு மாடுகளையும் இரண்டு எருமைகளையும் வைத்துப் பால் பண்ணை நடத்துகிறார். வீட்டின் பின்பக்கம் கொட்டகை. வீட்டுக்குள்ளே நாங்கள். இரண்டுக்கும் நடுவே அவர் போட்ட சட்டங்கள்.

இந்த வாரத்துக் கதையை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். எழுது, ஆனால் என்னை நல்லவளாக்கிவிடாதே, ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்.

கருவாட்டுக்குத் தடை

என் அப்பா தூத்துக்குடிக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அம்மாவையும் ஒரு மூட்டைக் கருவாட்டையும் கூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸில் குடியேறியவர். மூட்டை தீரத் தீர ஊரிலிருந்து அடுத்தது வந்துவிடும். எங்கள் பிளாக்கில் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எந்த வீட்டில் எந்த ஊர்ச் சமையல் என்று படிக்கட்டிலேயே தெரிந்துவிடும். மூன்றாவது மாடியில் மதுரை, கீழே சேலம், நடுவில் நாங்கள்.

அப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து பால் வியாபாரக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வந்த நாலாம் நாள் நெத்திலிக் கருவாட்டைச் சட்டியில் போட்டேன். கொட்டகையிலிருந்து மல்லிகா அண்ணி வந்து வாசலில் நின்றார். திட்டவில்லை. பால் எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் பால் வாங்க வந்த டீக்கடைக்காரர், டீயில் மீன் நீந்துகிறது என்று புகார் சொன்னாராம். அதுவும் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். டீக்கடைக்காரரை நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

அன்றோடு எங்கள் வீட்டில் கருவாடு கிடையாது. இருபது வருடத்துக்கு மேல்.

அந்த மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பாரில் பெருங்காயம் கூடிப்போனால் கொட்டகையிலிருந்தே குரல் வரும். புதுச் சோப்பு மாற்றினால் குளியலறைக் கதவு திறக்குமுன் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் குமார் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் டர்னராக இருக்கிறார். அவர் நண்பர்களோடு ஒரு கிளாஸ் பீர் குடித்துவிட்டு, கொய்யா இலை, ஏலக்காய், பாக்கு என்று வரிசையாக மென்றுகொண்டு சுற்றுச்சுவர் ஓரமாக வருவார். "இன்னா குமாரு, கொய்யாத் தோப்புக்கா போய்ட்டு வர்ற" என்று இருட்டிலிருந்து அக்காவின் கேள்வி மட்டும் வரும்.

நாங்கள் சிரிப்போம். ஆனால் மாட்டுக்காரர்களிடையே அந்த மூக்கு சாதாரணப் பேச்சில்லை. ஒரு மாட்டின் மூச்சை மோந்து பார்த்து, தீனி சேரவில்லை, இரண்டு நாளில் படுத்துவிடும் என்பார். படுத்துவிடும். மடி நோய் வருவதைக் கால்நடை மருத்துவர் வருவதற்கு முந்தின நாளே பாலில் மோந்து சொல்வார். பட்டாபிராம் வரைக்கும் மாடு வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிப்போவார்கள். அண்ணி மாட்டின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய் நிற்பார். விற்பவர்கள் அந்த ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டயர், தேங்காய்த் துருவல், பிறகு சீஸ்

ஊரடங்கு வந்தபோது டீக்கடைகள் மூடின. விடுதிகள் மூடின. மாடுகளுக்கு மட்டும் யாரும் ஊரடங்கு சொல்லவில்லை. அவை வழக்கம்போலக் கறந்தன. முதல் வாரம் தயிர். இரண்டாம் வாரம் நெய். மூன்றாம் வாரம் பால்கோவா, பன்னீர் என்று செய்து தெருவுக்கே கொடுத்தோம். நாலாம் வாரம் நான் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரர்கள் விளக்கை அணைத்தார்கள்.

அப்போதுதான் அண்ணி கைப்பேசியில் அந்த வெள்ளைக்காரத் தாத்தாவைக் கண்டுபிடித்தார். எந்த நாட்டுக்காரரோ. மலையடிவாரத்தில் ஏழு மாடு வைத்துக்கொண்டு, மனைவியோடு சேர்ந்து வீட்டிலேயே சீஸ் செய்கிறார். அவர் பேசுவதில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. நான் அதைச் சொன்னேன். "அவர் பாஷை புரியலனா போவுது. கை புரியுதுல்ல" என்றார் அண்ணி.

உண்மையிலேயே புரிந்துகொண்டார். பாலை வெதுவெதுப்பாக்கி, அதற்கென்று விற்கிற உறையைக் கலந்து, அப்புறம் பாலைக் கட்டியாக்கும் ரெனட்டை விட்டால் முக்கால் மணி நேரத்தில் பால் அல்வா மாதிரி நிற்கும். கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டிக் கிண்டினால் தண்ணீர் பிரியும். அதை வடித்து, கட்டிகளைத் துணியில் வாரி, உப்புப் போட்டு, அச்சில் அமுக்க வேண்டும். ரெனட்டைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது பழைய வழக்கம் என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ படித்துச் சொன்னபோது, அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு நாள் தாத்தாவைப் பார்க்கவே இல்லை. அப்புறம் சைவ ரெனட்டும் உண்டு என்று தெரிந்து, கூரியரில் வரவழைத்து, தாத்தாவை மன்னித்தார்.

அச்சுக்கு எவர்சில்வர் டப்பாக்களில் ஓட்டை போட்டுத் தந்தது என் வீட்டுக்காரர். பாரத்துக்கு ஆட்டுக்கல் குழவி. முதல் சீஸ் டயராக வந்தது. மிகைப்படுத்தவில்லை, அறுக்கப் பட்டறையிலிருந்து ஹாக்ஸா பிளேடு வந்தது. இரண்டாவதைத் தோசையில் துருவிப் போட்டோம். உருகுவதற்கு மறுத்து, கடைசிவரை தேங்காய்த் துருவல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மூன்றாவதை எறும்புகள் எடுத்துக்கொண்டன. அவற்றிடமிருந்து புகார் வரவில்லை என்பதால் அண்ணி அதை வெற்றியாகக் கணக்கில் வைத்தார்.

நாலாவதிலோ ஐந்தாவதிலோதான் விஷயம் விளங்கியது. சீஸ் செய்து முடித்ததும் முடிந்துபோகிற பண்டம் இல்லை. குளிர்ந்த, ஈரமான இடத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். தினம் திருப்பிப்போட வேண்டும். உப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். தாத்தாவுக்கு மலையைக் குடைந்த நிலவறை இருந்தது. எங்களுக்குத் திருநின்றவூர் இருந்தது. அங்கே குளிர்ந்த இடம் என்று ஒன்று உண்டென்றால் அது எங்கள் படுக்கையறை. மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கிய ஏசி அங்கேதான் இருந்தது.

அண்ணி கேட்கவில்லை. ஒரு நாள் வந்து, அறையை அளந்தார். அவ்வளவுதான்.

நானும் என் வீட்டுக்காரரும் கூடத்துக்குக் குடிபெயர்ந்தோம். கட்டிலைக் கழற்றி, அந்த இடத்தில் மரப்பலகைத் தட்டுகள் நின்றன. ஏசி பதினாறுக்குக் கீழே இறங்காது என்றதும், என் வீட்டுக்காரர் அதற்குள்ளே வெப்பம் பார்க்கிற கம்பி நுனியில் ஒரு குட்டி பல்பைக் கட்டிவிட்டார். அறை வெந்துகொண்டிருக்கிறது என்று நம்பி அந்த ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அதன்மேல் ஒரு பரிவு வந்துவிட்டது. என்னைப் போலவே அதையும் இந்த வீட்டில் யாரோ ஏமாற்றி வேலை வாங்குகிறார்கள்.

ஒரு முறை சேக்காட்டிலிருந்து உறவுக்காரம்மா ஒருவர் பார்க்க வந்தார். கைகழுவப் போனவர் தவறிப்போய் அந்த அறைக் கதவைத் திறந்துவிட்டார். இருட்டு, குளிர், ஈரத்துணி போர்த்தி வரிசையாகக் கிடக்கும் வெள்ளை உருவங்கள். மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "யாரும்மா உள்ள படுத்துனு கீறாங்க" என்று கேட்டார். அதற்குப் பிறகு காப்பியைத் தொடவில்லை.

ஆனால் சீஸ் வந்தது. மூன்று மாதம் வைத்திருந்த ஒன்றை வெட்டினோம். உள்ளே வெளிர் மஞ்சள். வாயில் வைத்தால் முதலில் உப்பு, பிறகு நெய், கடைசியில் வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒரு சின்னத் துவர்ப்பு. அண்ணி அதை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் எதையும் குறை சொல்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அம்பத்தூரில் ஒரு பேக்கரிக்காரர் வாங்க ஆரம்பித்தார். திருமுல்லைவாயில் அடுக்குமாடிகளில் சில வீடுகள் வாங்கின. அதற்குள் கொரோனாவின் மூன்றாவது அலை வந்தது. அண்ணிக்குக் காய்ச்சல், பன்னிரண்டு நாள். எழுந்துவிட்டார். மூக்கு எழவில்லை.

மூன்று நாள் சுதந்திரம்

பால் தீய்ந்த அந்த நாளுக்கு வருகிறேன்.

சளி இல்லை என்று நான் சொன்னதும் அண்ணி சமையலறைக் கதவைச் சாத்தினார். மூக்கு போய் நாலு மாசம் ஆகிறது என்றார். நாலு மாதமாகத் தினம் காலையில் பால் குடத்தை முகத்துக்கு நேரே தூக்கி, மோந்து, தலையாட்டிக் கீழே வைத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எல்லாம் நடிப்பு. மாடு பார்க்கக் கூப்பிட்டவர்களிடம் முட்டிவலி என்று சொல்லியிருக்கிறார். சீஸைக் கையால் அமுக்கி, விரலால் தட்டி, கண்ணால் பார்த்தே ஓட்டியிருக்கிறார்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். போயாச்சாம், தனியாக ரயிலேறி. வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றாராம் டாக்டர்.

"குமாருகிட்ட சொல்லிடாத" என்றார். "மூக்கு இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு சீஸு, இன்னாத்துக்கு இத்தினி மாடுன்னு வித்துடச் சொல்லுவான். அவன் சொல்றது தப்பும் இல்ல."

நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனம் நிஜமாகவே இளகிப்போயிருந்தது. அண்ணியின் தோளைத் தொட்டேன். அவர் தொட விட்டார். அதுவே பெரிய விஷயம்.

அடுத்து நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை நான் ஆவடிக்கு ரயிலேறிப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தேன்.

பரிதாபம் வேறு, நாக்கு வேறு. மத்தியானம் அண்ணி கொட்டகையில் இருக்கும்போது, இருபது வருடத்துக்குப் பிறகு என் சமையலறையில் கருவாடு பொரிந்தது. நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். புகையால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சாப்பாட்டில் அண்ணி உள்ளே வந்தார். தட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டேன். அவர் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். போய்விட்டார்.

இரண்டாம் நாள் தைரியம் வந்து, குழம்பே வைத்தேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். கொட்டகைப் பக்கம் ஒரு முறை, என் பக்கம் ஒரு முறை பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லலையா என்று கிசுகிசுத்தார். மனசு மாறிட்டாங்க போல என்றேன். மனிதர் அதற்குமேல் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ருசி பழக்கியது எங்கள் அம்மாதான்.

மூன்றாம் நாள் மத்தியானம்தான் மாட்டிக்கொண்டேன். கருவாட்டுச் சட்டியைக் கழுவிவிட்டுத் திரும்பினால், சமையலறைத் தரையில், திறந்த வாயோடு, இரண்டு பெரிய பால் கேன்கள். கொட்டகையில் வெயில் ஏறிவிட்டது என்று அண்ணி காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார். சீஸுக்கான பால். நான் கவனிக்காமல் அதன் தலைமாட்டிலேயே நின்று கருவாடு பொரித்திருக்கிறேன்.

குனிந்து மோந்தேன். பால் இழுத்துக்கொள்ளும் என்பது பொய்யில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பாலில் சீஸ் செய்து, மூன்று மாதம் வளர்த்து, துடைத்துத் துடைத்து, பேக்கரிக்குக் கொடுத்து, பேர் கெட்டு, அப்புறமும் எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அதை நினைத்தபோதுதான் எனக்கு உடம்பு கூசியது. பார்வை போனவர் எதிரே வாசற்படியை நகர்த்தி வைத்த மாதிரி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு நிற்கிறேன்.

கொட்டகைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு வாங்கப் போன ரயில் உட்பட.

அண்ணி ஒரு எருமையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எத்தினி நாளா?"

"மூணு நாளா, அண்ணி."

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பதறிப்போய்ப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வர, எருமையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பாலை மாட்டுக்கே தீனியில் கலந்துவிடச் சொன்னார். தொடர்ந்து, அதே மூச்சில், நாளையிலிருந்து காலையில் கொட்டகைக்கு வா, மோந்து சொல் என்றார். அதைக் கேட்டது மாதிரியும் இருந்தது, உத்தரவு மாதிரியும் இருந்தது.

கருவாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும், மொட்டைமாடியில், தனி அடுப்பில் என்று ஒப்பந்தமானது. இன்றும் அமலில் இருக்கிறது.

ஆறு வட்டங்கள்

மூக்கு வேலை சுலபம் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே விளங்கியது. பாலில் என்ன வாசனை என்று கேட்டார். பால் வாசனை என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வை எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருடையது.

அதன்பிறகு பாடம் நடந்தது. ஆசிரியைக்கு மூக்கில்லை, மாணவிக்கு வார்த்தையில்லை. புல் தின்ற பாலா, தவிடு தின்ற பாலா என்று கேட்பார். நான் மோந்து, திணறி, குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டி, மழைக்கால ரேஷன் அரிசி, புதுப் பாடப்புத்தகம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வேன். அவர் அதைத் தன் நினைவிலிருக்கும் வாசனையோடு ஒட்டிப்பார்த்து, சரி என்பார், இல்லை இன்னொரு தரம் மோந்து பார் என்பார். மெல்ல மெல்ல எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாயிற்று. வெளியாள் கேட்டால் இரண்டு பேருக்கும் மூளை குழம்பிவிட்டது என்பார்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் நினைத்தார். இரண்டு பெண்களும் கொட்டகையில் என்ன குசுகுசுக்கிறீர்கள் என்று கேட்டபோது, பழைய சண்டைகளை வரிசைப்படுத்துகிறோம் என்றேன். நம்பிவிட்டார்.

அந்த வருட மழைக்காலம் கழிந்து, பூந்தமல்லி பக்கம் புதிதாகத் திறக்கவிருந்த ஓட்டலிலிருந்து அதன் தலைமைச் சமையல்காரர் வந்தார். கறாரான ஆள். ஒரு சீஸை வெட்டித் தின்று பார்த்துவிட்டு, இரண்டாவது துண்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். திறப்பு நாளுக்கு ஆறு வட்டம் வேண்டும், பிடித்துப்போனால் மாதாமாதம் என்றார். வெட்டியது போக எங்களிடம் தயாராக இருந்ததே சரியாக ஆறு. என் வீட்டுக்காரர் அன்று முதல்முறையாக, படுக்கையறை போனால் போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னார்.

வண்டி வரும் நாள் காலையில், துணி சுற்றுவதற்கு முன், வழக்கப்படி நான் ஒவ்வொன்றாக மோந்தேன். முதல் இரண்டும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஏதோ நெருடியது. திரும்ப முதலாவதுக்குப் போனேன். அதிலும் இருந்தது, மிக மெலிதாக. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் கக்கிய துண்டு ஒன்று என் தோளில் நாள் முழுக்கக் கிடக்கும். அந்த வாடை.

அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஆறையும் தட்டிப்பார்த்தார், அமுக்கிப்பார்த்தார். எல்லாம் கெட்டியாக, அழகாக இருந்தன. என் வீட்டுக்காரரும் மோந்தார். சீஸ் என்றால் நாறத்தானே செய்யும் என்றார். வண்டி பட்டாபிராம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

ஆறும் ஒரே நாள் பாலில் செய்தவை. மூன்று மாத உழைப்பு. ஒரு துண்டு தின்று பார்த்தேன், நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணி என் எதிரே வந்து நின்றார். "பயந்துக்காத. சந்தேகமா, நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியல, அண்ணி. ஆனா என் பொண்ணுக்கு இதக் குடுக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். நீயே மோந்து பார்த்துச் சொல்லேன் அக்கா, உனக்குத் தெரியாத வாசனையா, இவ சொல்றத வெச்சி எதுக்கு இப்படி என்றார்.

அண்ணி தம்பியைப் பார்த்தார். அவர் சேலையை இழுத்துச் செருகிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு மூக்கு இல்ல குமாரு. காய்ச்சல் வந்ததுலேர்ந்தே இல்ல. எட்டு மாசமா இவ மூக்குலதான் இந்த ஊடு ஓடுது. இவ வாணான்னா வாணாம்."

சொல்லிவிட்டு ஓட்டலுக்கு அவரே போன் போட்டார். சரக்கில் எங்களுக்குத் திருப்தியில்லை, அனுப்பவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டு, சரிங்க என்று வைத்தார். பிறகு வட்டங்களை எடுத்துக்கொண்டுபோய் எருக்குழியில் புதைத்தார்.

என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சீஸ் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்கிட்ட ஏன் சொல்லல என்று மட்டும் மூன்று தரம் கேட்டார். மாட்டை விற்கச் சொல்வாய் என்று பயந்தார்கள் என்றேன். மனிதருக்கு அது குத்தியது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் செங்கல் அடுக்க ஆரம்பித்தார். உள்ளே தெர்மாகோல் வைத்து, நாலே வாரத்தில் ஒரு குளிர் அறை எழும்பியது. எங்களுக்குப் படுக்கையறை திரும்பக் கிடைத்தது. ஏசி கிடைக்கவில்லை, அது சீஸோடு போய்விட்டது.

இரண்டு வாரம் போயிருக்கும். அண்ணி என்னைக் கூப்பிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடையைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சீஸ் வட்டம். பந்து மாதிரி உப்பி, நடுவில் பிளந்து கிடந்தது. அந்த ஆறில் ஒன்று. புதைத்தது ஐந்துதான். இப்போது வாடை எனக்கு மூன்றடி தள்ளியே குமட்டியது. மழையில் நனைந்து புளித்த தீவனத்தை மாடு தின்றால் பால் இப்படிப் பண்ணும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

என்மேல் நம்பிக்கை இல்லாமலா ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான்.

நம்பாமலா ஐந்தைப் புதைத்தேன் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஓட்டல் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. நல்ல ஓட்டல் என்று கேள்வி. வேறு எங்கிருந்தோ வாங்குகிறார்கள். அம்பத்தூர்ப் பேக்கரி வாங்குகிறது, அடுக்குமாடிகள் வாங்குகின்றன, அன்றைக்கு ஒன்பதாக இருந்த மாடுகள் பதினொன்றாகிவிட்டன. ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மாடு வாங்குகிறவர்கள் இப்போது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். மாட்டின் மூச்சை மோப்பது நான், தலையாட்டுவது அவர்.

அவர் மூக்கு திரும்பவில்லை. இடையில் சில நாள் காப்பி மண்ணெண்ணெய் மாதிரி தெரிகிறது என்றார். அதுவும் நின்றுபோயிற்று.

போன மாதம் ஒரு முற்பகலில், தலையீற்று மாடு ஒன்று கன்று போட்டது. பெண் கன்று, செவலை. தாய் நக்கி முடித்ததும் அண்ணி மண்டியிட்டு, கன்றின் கழுத்தடியில் முகத்தைப் புதைத்தார். பிறந்த ஒவ்வொரு கன்றுக்கும் அவர் செய்கிற காரியம் அது, பழக்கத்தில் செய்துவிட்டார். செய்த பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தை எடுக்கவில்லை. அப்படியே இருந்தார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"தேவகி," என்றார், கன்றின் ரோமத்துக்குள்ளிருந்தே. "எப்பிடி கீதுன்னு சொல்லு."

நானும் பக்கத்தில் மண்டியிட்டு, கன்றின் காதுக்குப் பின்னால் மோந்தேன். வெதுவெதுப்பான ஈர வைக்கோல் என்றேன். கொஞ்சம் சீம்பால். அதுக்கு அடியில இரும்பு மாதிரி ஒண்ணு, அண்ணி, கையில ரொம்ப நேரம் காசு வெச்சிருந்த மாதிரி.

"ஆமா," என்றார். "இரும்பு. அத்த மறந்தே பூட்டேன்."

கன்று எழுந்து நிற்கப் பார்த்து, எங்கள் இரண்டு பேர் மேலும் சரிந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அதை அணைத்துப் பிடித்திருந்தார். இன்னும் சொல்லு என்றார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.